கழிவே இரை

இறால் குளத்தில் போடும் தீனியின் புரதத்திலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்குதான் இறாலின் உடம்பில் சேர்கிறது. மிச்சம் தின்னாத தீனியாகவும் கழிச்சலாகவும் அம்மோனியாவாகவும் தண்ணீரில் தங்கிவிடும். வழக்கமாக அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றுவார்கள். அப்படி வெளியேறும் கழிவுநீரால் வயலும் குடிநீரும் கெடுகின்றன என்றுதான் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்பு 1996இல் வந்தது.

காசு கொடுத்து வாங்கிய புரதம் இப்படி வாய்க்காலில் ஓடுவது எனக்குப் பொறுக்காத காரியம். அதைத் திரும்ப இரையாக்கும் வழிதான் பயோஃப்ளாக்.

தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாவுக்கு அம்மோனியா உணவுதான். ஆனால், அதைத் தின்று பெருக அதற்குக் கரிமச்சத்தும் வேண்டும். இறால் தீனியில் புரதம் அதிகம் என்பதால் அந்தச் சத்து போதாது. எனவே வெல்லப்பாகு, தவிடு, மரவள்ளி மாவு என்று கைக்குக் கிடைப்பதைக் கரைத்து ஊற்றுகிறார்கள். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கை 1999இல் எழுதியவர் இஸ்ரேலின் யோராம் அவ்னிமெலெக். பெருகிய பாக்டீரியாவோடு பாசி, வேறு நுண்ணுயிர்கள், கழிச்சல் துகள்கள் எல்லாம் ஒட்டிப் பழுப்புத் திரள்களாக மிதக்கும்.

இந்தத் திரள் இறால் குஞ்சுகளுக்கு மிகவும் தோது. குஞ்சின் வயிறு சிறியது. நாளெல்லாம் கொறித்துக்கொண்டே இருக்கும். நாம் தீனி போடுவதோ வேளைக்கு ஒருமுறை. இடைப்பட்ட நேரத்தில் திரள்தான் கண்முன் மிதக்கும் இரை. பெலீஸ் நாட்டுப் பண்ணையொன்றில் வளர்ந்த வன்னாமி இறால்கள் உடம்பில் சேர்த்த நைட்ரஜனில் 18 முதல் 29 சதவீதம் திரளிலிருந்து வந்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

அளவு தப்பினால் ஆபத்து. அடி குறுகிய கூம்புக் குடுவையில் 1 லிட்டர் தொட்டித் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் வைத்தால், திரள் அடியில் படியும். இறாலுக்கு 10 முதல் 15 மில்லி படிந்தால் போதும். மிஞ்சினால் செவுள் அடைபடும். பாக்டீரியாவே ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். இரவில் மின்சாரம் போய், தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் நின்றால் சற்று நேரத்திலேயே குஞ்சுகள் செத்து மிதக்கும். ஆகவே ஜெனரேட்டர் இல்லாதவர் இதில் இறங்கவே கூடாது. பழகுகிறவருக்குப் பெரிய குளத்தைவிடக் குஞ்சு வளர்க்கும் சிறு தொட்டிதான் சரி.

மிஞ்சிய திரளையும் கொட்ட வேண்டியதில்லை. திலேப்பியா மீன் பண்ணைக் கழிவுநீரில் வளர்த்த திரளை உலர்த்தி, மீன்தூளுக்குப் பதிலாக இறால் தீனியில் சேர்த்துப் பார்த்தார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான தீனி தின்றவற்றைவிட அந்த இறால்கள் வேகமாக வளர்ந்திருந்தன.