ஒரு காதில் மட்டும் கேட்ட குரல்!

தாத்தா பாடிய பாட்டு. பல ஆண்டுகளுக்கு முன் கேசட்டில் பதிவு செய்தது. தாத்தா இன்று இல்லை. அவர் குரல் மட்டும் இருக்கிறது.

பேரன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பாட்டியின் காதில் ஹெட்போனை மாட்டினான். பாட்டி உதட்டைப் பிதுக்கினாள். குரல் இடது பக்கம் மட்டும்தான் வந்தது. பாட்டிக்கோ இடது காது கேட்காது!

இப்படிக் குறைபட்ட கேசட்டுகள் பல வீடுகளில் கிடக்கின்றன. அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். சரி செய்யலாம்.

சினிமாவில் பிறந்த யோசனை

ஒலியை ஏன் இடது, வலது என்று பிரித்தார்கள்?

ஆலன் பிளம்லைன் என்பவர் இங்கிலாந்து என்ஜினீயர். வருங்கால மனைவியுடன் சினிமாவுக்குப் போனார். நடிகர் திரையில் ஒரு பக்கம் நின்றார். குரலோ வேறு பக்கத்திலிருந்து வந்தது! ஆள் எங்கே நிற்கிறாரோ, அங்கிருந்தே குரல் வர வேண்டும் என்று நினைத்தார் அவர். மனிதனுக்குக் காது இரண்டு. ஆகவே ஒலியையும் இரண்டாகப் பதிவு செய்ய வழி கண்டார். 1931-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். அதுதான் "ஸ்டீரியோ".

1942-ல் ரேடார் சோதனைக்காகப் பறந்தபோது, விமானம் விழுந்து இறந்தார். அப்போது வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளில் பரவியது 1958-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை!

சரி செய்வது எப்படி?

முதலில் வயரைப் பாருங்கள். சரியாகச் செருகாவிட்டாலும் ஒரு பக்கம் ஊமையாகிவிடும்.

வயர் சரியாக இருந்தால், "ஆடாசிட்டி" என்ற மென்பொருள் உதவும். இதற்குக் காசு இல்லை. 2000-ம் ஆண்டில் வெளிவந்தது. ஒலி இதில் இரண்டு கோடுகளாகத் தெரியும். மேலே இடது, கீழே வலது. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். ஒன்று வெறுமையாக இருந்தால் அதை நீக்கிவிட்டு, மற்றதை "மோனோ" ஆக்க வேண்டும். குரல் இரு காதிலும் கேட்கும். ஒரு பக்கம் மெலிந்திருந்தால், அதன் ஒலியை மட்டும் கூட்டினால் போதும்.

அடுத்தது தொனி. "பாஸ்" என்பது கனத்த ஒலி. "ட்ரெபிள்" என்பது கூர்மையான ஒலி. கேசட்டின் "உஸ்" இரைச்சல் ட்ரெபிளைக் குறைத்தால் அடங்கும். ஆனால் அதிகம் குறைத்தால் "ச", "ஸ" எழுத்துகளும் மங்கிவிடும்! கொஞ்சம் மாற்றுங்கள், கேளுங்கள், பிறகு மாற்றுங்கள். உப்புப் போடுவது போலத்தான்.

எச்சரிக்கை!

குறைந்ததைக் கூட்டலாம். பதிவாகாததை உண்டாக்க முடியாது. நாடா நாளுக்கு நாள் கெடும். எனவே இன்றே பிரதி எடுங்கள். முதல் பிரதியைத் தொடாமல் வைத்து, மற்றொன்றில் வேலை செய்யுங்கள்.

பேரன் அப்படியே செய்தான். மறுபடியும் ஹெட்போனை மாட்டினான்.

பாட்டி கண்ணை மூடிக்கொண்டாள். வலது காதில் தாத்தா பாடினார்!