ஹீட்டர் ஓடுகிறது, தண்ணீர் ஏன் சூடாகவில்லை?

காலையில் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் ஷவரைத் திறக்கிறீர்கள். சுடுநீர்க் கருவியின் விளக்கு எரிகிறது, ஆனால் தண்ணீர் சில்லென்று கொட்டுகிறது. கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யும் முன் சற்று யோசியுங்கள். சில காரணங்களை மூடியைக் கழற்றாமலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நம் குளியலறைகளில் பரவலாகக் காணப்படுவது உடனடிச் சுடுநீர்க் கருவி. இதில் நீரைச் சேமிக்கும் தொட்டி இல்லை. சிறு கலத்தின் வழியே ஓடும்போதே நீர் சூடாகிறது.

வெதுவெதுப்பாக வந்தால்

3.6 கிலோவாட் கருவி விநாடிக்கு 3,600 ஜூல், அதாவது நிமிடத்துக்கு 2,16,000 ஜூல் வெப்பம் தருகிறது. ஒரு லிட்டர் நீரை 1 பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் நீர் ஓடினால் வெப்பநிலை சுமார் 17 பாகை கூடும். குழாய் நீர் 28 பாகையில் இருந்தால், ஷவரில் 45 பாகை கிடைக்கும். அதுவே 6 லிட்டராக ஓடினால் சுமார் 8.5 பாகைதான் கூடும். ஷவரில் வருவது 36.5 பாகை, அதாவது வெதுவெதுப்பு. இங்கே கருவியில் பழுதில்லை. நீரோட்டத்தைக் குறைத்தாலே போதும்.

சிறிதும் சூடாகாவிட்டால்

நீர் ஓடாதபோது சூடேற்றி எரிந்தால், கலத்தில் தேங்கிய நீர் கொதித்துவிடும். அதைத் தடுக்கவே நீரோட்ட விசை உள்ளது. போதிய வேகத்தில் நீர் ஓடினால்தான் அது மின்சாரத்தை உள்ளே விடும். ஷவர் தலையின் துளைகளிலோ நுழைவாய் வடிகட்டியிலோ அழுக்கு அடைத்தால் ஓட்டம் குறையும், விசை இயங்காது. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, குழாய் வழியே நீரை ஓடவிட்டுப் பாருங்கள். இப்போது சூடானால் குற்றவாளி ஷவர் தலைதான். அதைக் கழுவி மாட்டுங்கள்.

அப்போதும் சூடாகவில்லை என்றால், சூடேற்றியோ மிகைவெப்பத் துண்டிப்பானோ பழுதாகியிருக்கலாம். நல்ல சூடேற்றியின் மின்தடை சுமார் 15 ஓம். கம்பி அறுந்திருந்தால் மின்னோட்டமே பாயாது. இதை அளந்து பார்ப்பது மின்பணியாளரின் வேலை.

விசை விழுந்துகொண்டே இருந்தால்

விளக்கே எரியவில்லை என்றால் வீட்டின் மின்பெட்டியைப் பாருங்கள். கசிவு மின்துண்டிப்பான் விழுந்திருக்கிறதா? ஒருமுறை தூக்கிவிட்டும் மீண்டும் விழுந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

காரணம் இதுதான். இக்கருவி ஏறத்தாழ 15 ஆம்பியர், அதாவது 15,000 மில்லி ஆம்பியர் மின்சாரம் எடுக்கிறது. சூடேற்றியின் உறை வெடித்து நீரில் சில பத்து மில்லி ஆம்பியர் கசிந்தால், சாதாரண ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் நனைந்த உடலில் பாய்ந்தால் அந்த அளவே உயிரைப் பறிக்கக்கூடும். கசிவு மின்துண்டிப்பான் உள்ளே செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் ஒப்பிடுகிறது. இரண்டும் சமமில்லை என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது.

ஆகவே, விழும் விசையை வலிந்து தூக்கிப் பிடிக்காதீர்கள். அன்று பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கச் சொல்லுங்கள். துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை பெரியவர் ஒருவரை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியும் விசை விழவில்லை என்றால், அதை மாற்றும்வரை கருவியைப் பயன்படுத்தக் கூடாது.