காட்டில் பிறக்கும் மீன்

கோடை வந்தால் கேக் கிராமத்தில் புகை மணக்கும். பிடித்த சால்மன் மீனைக் கீறி, புகையில் உலர்த்தி, ஜாடிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்குச் சேமிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அலாஸ்காவின் தென்கிழக்கில் ஒரு தீவில் இருக்கும் இந்த டிலிங்கிட் பழங்குடிக் கிராமத்தில் மொத்தம் 600 பேர்கூட இல்லை. ஆனால் அமெரிக்க விவசாயத் துறையைக் கோர்ட்டுக்கு இழுத்த ஊர் இது. மீனுக்காக அல்ல, மரத்துக்காக.

இரண்டும் ஒன்றுதான் என்பது இவர்களின் கட்சி. ஊரைச் சூழ்ந்திருக்கும் டோங்காஸ் தேசிய வனத்தின் பரப்பு 1.67 கோடி ஏக்கர். அமெரிக்காவிலேயே பெரியது. சால்மன் கடலில் வளர்ந்தாலும், முட்டையிடத் தான் பிறந்த காட்டு ஓடைக்கே திரும்பும், முட்டையிட்டதும் செத்துப்போகும். பல நூற்றாண்டு வயதான ஸ்புரூஸ் மரங்களின் நிழல்தான் அந்த ஓடை நீரைக் குளிர வைக்கிறது. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. மரங்களை மொட்டையடித்தால் சேறு இறங்கி, சரளைக்கற்களுக்கு இடையே கிடக்கும் முட்டைகள் மூச்சுத் திணறும். காட்டுச் சாலைக்கு அடியில் போடும் நீர்க்குழாயைச் சற்று உயரத்தில் வைத்துவிட்டாலே போதும், மீன் மேலேற முடியாது. மீனும் சும்மா வாங்கிக்கொள்வதில்லை: கரடிகள் கவ்விச் சென்று பாதி தின்று போடும் மீன்களின் நைட்ரஜன் மரங்களுக்கு உரமாவதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் யோசிக்காத காலமும் இருந்தது. 1950களில் காகிதக்கூழ் ஆலைகளுக்கு 50 ஆண்டு ஒப்பந்தம் போட்டு மரம் கொடுத்தது அரசு. சால்மன் ஓடைகளின் இருபுறமும் 100 அடிக்கு வெட்டக்கூடாது என்று சட்டம் வந்ததே 1990இல்தான். பழங்குடியினரின் கையும் முழுக்கச் சுத்தமில்லை. 1971 சட்டப்படி நிலம் பெற்ற அவர்களது சொந்த கம்பெனிகளும் தாராளமாகவே வெட்டின. வெட்டிய இடத்தில் நெருக்கமாக முளைத்து, வெயில் புகாமல் இருண்டு கிடக்கும் இளங்காட்டில் மானுக்குக்கூட மேய்ச்சல் இல்லை.

கோர்ட் விவகாரம் சாலை பற்றியது. சாலையில்லாத வனப்பகுதிகளில் புதுச் சாலையும் மரவெட்டும் கூடாது என்றது 2001ஆம் ஆண்டு விதி. இரண்டே ஆண்டில் டோங்காஸுக்கு விலக்கு தரப்பட்டது. சுற்றுச்சூழல் அமைப்புகளோடு சேர்ந்து வழக்கு நடத்திய கேக், 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 6-5 என மயிரிழையில் வென்றது. 2020இல் டிரம்ப் அரசு மறுபடி விலக்கு அளித்தது. 2023இல் பைடன் அரசு அதை நீக்கியது. 2025 ஜூனில் டிரம்ப் அரசு, விதியையே நாடு முழுவதும் ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. டோங்காஸில் மட்டும் 90 லட்சம் ஏக்கருக்கு மேல் அந்த விதிக்குள் வருகிறது.