புண்ணில் புழு வைக்கும் ஈயை அடையாளங் காணுதல்

கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் கால்நடைகள் நெடுந்தூரத்திலிருந்து கொண்டுவரப்படுகின்றன. மூக்கணாங்கயிறு அறுத்த காயமும், நுகத்தடிப் புண்ணும், வண்டியில் ஏற்றி இறக்குகையில் உண்டாகும் சிராய்ப்பும் அக்காலத்தில் சாதாரணம். அவை இரண்டொரு நாளில் புழுப்புண்ணாகிவிடுவதுண்டு. அசுத்தத்தால் புழு தானே பிறந்ததென்று பலர் எண்ணுகின்றனர்; அது தவறு. ஈ முட்டையிடாமல் புழு உண்டாவதில்லை.

பிணத்திலும் குப்பையிலும் வளரும் ஈக்கள் பல. உயிருள்ள தசையையே தின்று வளர்வது கிரைசோமியா பெஸியானா என்னும் ஈ. 1914-இல் வில்னோவ் என்பவர் காங்கோ நாட்டு ஈக்களைக் கொண்டு இதற்குப் பெயரிட்டார். இந்தியாவில் மனிதருக்கும் கால்நடைகளுக்கும் புழுப்புண் உண்டாக்கும் ஈ இதுவேயென்று பாட்டன் என்னும் மருத்துவ அதிகாரி 1920-இல் எழுதினார். இது காயத்தின் ஓரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வெண்ணிற முட்டைகளை ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கி வைக்கும். ஒரு நாளைக்குள் பொரிக்கும் புழுக்கள் தலைகீழாய்த் தசைக்குள் துளைத்திறங்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் முதிர்ந்து, தரையில் விழுந்து மண்ணுக்குள் கூடாகும். சிகிச்சையின்றி விட்டால் மாடு இறக்கவும் கூடும். கன்றின் ஈரத் தொப்புளைச் சிறப்பாய்க் கவனித்தல் வேண்டும்.

ஈயின் போட்டோப் படத்தை மட்டும் அனுப்பி இன்ன ஈயென்று சொல்லுமாறு கேட்போர் உளர். பச்சையும் நீலமுமாய் மின்னும் உடல், பிணத்தில் வளரும் அதன் இன ஈக்கும் உண்டு. இறகின் அடியிலுள்ள சிறு செதிள் இதில் மெழுகுபோல் வெளுத்தும், அதில் கருங்கபிலமாயும் இருக்கும். அது படத்தில் தெரிவது அரிது. ஆகையால் படம் சந்தேகத்தை எழுப்பவே உதவும். புண்ணின் படமும், அளவுகோலை அருகில் வைத்தெடுத்த புழுவின் படமும் சற்று மேலானவை.

புழுவே சரியான சாட்சி. மேற்பரப்பில் நெளிபவை வேறு ஈயினவாய் இருக்கலாம். ஆதலால் புண்ணின் ஆழத்திலிருந்து, மருந்திடுமுன், பத்துப் புழுக்களாவது எடுக்க வேண்டும். உடலைச் சுற்றி வரிசை வரிசையாய் முட்கள் இருப்பின் சந்தேகம் வலுக்கும். சதை முளைகள் நீட்டிக்கொண்டிருப்பின் அது வேறினம். முன்புற மூச்சுத்துளையின் கிளைகளை எண்ணுவது பூதக்கண்ணாடியுடைய நிபுணர் வேலை. உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் புழு சுருங்கிக் கறுத்துப் பயனற்றுப்போம். கொதித்திறக்கிய வெந்நீரில் அரை நிமிடம் இட்டுப் பின்னரே ஸ்பிரிட்டில் வைக்கவேண்டும். தேதி, ஊர், மாட்டின் விவரம், புண் இருந்த இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிப் புட்டியினுள்ளேயே போடுக, மையெழுத்து கரைந்துவிடும்.

கிராம அதிகாரிகள், அம்மாடு எவ்வூரிலிருந்து வந்தது, எவ்வூருக்கு விற்கப்பட்டது என்பதையும் குறித்து, புட்டியைக் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். சந்தை கலைந்த பின் இதை விசாரிப்பது கடினம். சீத்தா இலையை அரைத்துப் புண்ணில் வைப்போர், வெளிவரும் புழுக்களைத் தொழுவத்திலேயே உதறிவிடுகின்றனர். அவற்றில் முதிர்ந்தவை அம்மண்ணிலேயே கூடாகி, மறுவாரம் ஈயாய் எழும். எஞ்சிய புழுக்களின்மேல் கொதிநீர் ஊற்றுக, அல்லது எரித்துவிடுக.