ஆறும் தூண்டிலும் – 14: எதிரி எழுதி வைத்த கணக்கு

இங்கிலாந்து ஆறுகளுக்கு நீர்நாய் திரும்பி வந்ததையும், அதற்குப் பிடித்த விலாங்கு அதற்குள் காணாமல் போயிருந்ததையும் போன இரண்டு வாரங்களில் பார்த்தாயிற்று. மறுபடி சொல்லப்போவதில்லை. இந்த வாரம் நீர்நாய் நுழையாதபடி மீன் குளங்களுக்கு வேலி போடுவதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்த இடத்தில் 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கையில் சிக்கிக்கொண்டது. பால் சானின், டான் ஜெஃப்ரீஸ் என்ற இருவர் எழுதியது. அதைப் படித்த பிறகு வேறெதிலும் மனம் ஓடவில்லை. வேலி காத்திருக்கட்டும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: பிரிட்டனில் நீர்நாய் எப்போது குறையத் தொடங்கியது, எதனால்?

கேட்பதற்குச் சுலபம். ஆனால் நீர்நாயை யார் எண்ணி வைத்திருந்தார்கள்? நம் காவிரியில் இருக்கும் நீர்நாய் வேறு இனம். குடும்பம் குடும்பமாகத் திரியும். பகலிலும் கண்ணில் படும். இங்கிலாந்தில் இருப்பது தனியாகத் திரிவது, பெரும்பாலும் இரவில். ஓர் ஆண் இருபது கிலோமீட்டர் ஆற்றைத் தன் எல்லையாக வைத்துக்கொள்ளும். ஆகவே ஆளை எண்ண முடியாது. எச்சத்தைத்தான் தேட வேண்டும். பாலத்தடியில், தண்ணீரை ஒட்டிய மேடான கல்லில், எல்லாரும் பார்க்கட்டும் என்பதுபோல் வைத்துவிட்டுப் போகும். புதிதாக இருந்தால் கறுப்பாக, பிசுபிசுவென்று. காய்ந்தால் சாம்பல் நிறம். விரலால் உதிர்த்தால் மீன் செதில், முள், கடுகளவு முதுகெலும்புத் துண்டுகள். முகர்ந்து பார்த்துப் பழகியவர்கள் மல்லிகைத் தேநீரின் வாசம் என்கிறார்கள். ஒரு பிராணியின் கழிவைப் பற்றி இவ்வளவு பிரியமாகப் பேசுகிறவர்களை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இப்படி எச்சம் தேடிச் செய்த முதல் தேசியக் கணக்கெடுப்பு இங்கிலாந்தில் 1977-இல்தான் தொடங்கியது. ஏறத்தாழ மூவாயிரம் இடங்களில் தேடினார்கள். தடயம் கிடைத்தது நூற்றுக்கு ஆறு இடங்களில்கூட இல்லை. அதாவது எண்ண ஆரம்பித்தபோதே எண்ணுவதற்கு அதிகம் மிச்சமில்லை. சரிவு எந்த வருடம் தொடங்கியது என்று அந்தக் கணக்கெடுப்பால் சொல்ல முடியாது.

சானினும் ஜெஃப்ரீஸும் போய்க் கதவைத் தட்டிய இடம் நீர்நாய் வேட்டைக் குழுக்கள்.

இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் நரி வேட்டை குளிர்காலத்துக்கு, நீர்நாய் வேட்டை கோடைக்கு என்றிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் சுமார் ஒரு டஜன் குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக மோப்ப நாய்க் கூட்டம், சந்தா கட்டும் உறுப்பினர்கள், வருடா வருடம் போகும் ஆறுகள். நீண்ட கழிகளை ஊன்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடப்பார்கள். கொன்ற நீர்நாய் ஒவ்வொன்றுக்கும் கழியில் ஒரு வெட்டுப் போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். இதையெல்லாம் வாசிக்க எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது: எழுதி வைப்பார்கள். எந்தத் தேதி, எந்த ஆறு, நாய்கள் நீர்நாயைக் கண்டுபிடித்தனவா, கொன்றார்களா, தப்பியதா. சந்தா கட்டியவர்களுக்கு அந்த வருட வேட்டை எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டுமே. அதற்காக எழுதியது. விஞ்ஞானத்துக்கு என்று ஒரு வரியும் எழுதவில்லை.

அந்தப் பதிவுகளிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது எந்தக் கணக்கு என்பதில்தான் நான் சொக்கிப்போனேன். கொன்ற கணக்கை அவர்கள் நம்பவில்லை. நீர்நாய் அருகி வருவது தெரிந்ததும் சில குழுக்கள் தாங்களாகவே நாய்களைத் திரும்ப அழைத்துவிட ஆரம்பித்திருந்தன. ஆகவே அந்த எண் பொய் சொல்லும். அவர்கள் எடுத்தது ‘கண்டுபிடித்த’ கணக்கை. நூறு நாள் வேட்டைக்குப் போனால் எத்தனை முறை நாய்கள் நீர்நாயைக் கண்டுபிடித்தன? அதே ஆறு, அதே மாதங்கள், அதே முறை, வருடக்கணக்காக. யாரும் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லாத ஒரு கணக்கெடுப்பு, நீர்நாயைக் கொல்லப் போனவர்களின் நோட்டுகளில் கிடந்திருக்கிறது.

அதை வரைபடமாகப் போட்டபோது 1957 வாக்கில் கோடு சரிகிறது. ஒரு மாவட்டத்தில் மட்டும் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆறுகளில், ஏறக்குறைய ஒரே சமயத்தில்.

தேதி கிடைத்ததும் சந்தேகப்பட்டவர்களில் பாதிப் பேர் விடுதலையாகிவிட்டார்கள். 1962-63-இன் கொடுங்குளிர்தான் நீர்நாய்களைக் கொன்றது என்று பலர் நம்பியிருந்தார்கள். அந்தக் குளிர் ஐந்து வருடம் தாமதம். அமெரிக்காவிலிருந்து வந்து பண்ணைகளிலிருந்து தப்பிய மிங்க் என்ற பிராணி பரவியதும் பிறகுதான். கரையோர மரங்களை வெட்டியது, படகுகள் பெருகியது எல்லாம் படிப்படியாக நடந்தவை. எல்லா ஊரிலும் ஒரே வருடத்தில் நடக்கவில்லை. வேட்டையோ காலங்காலமாக இருந்தது. 1950-களின் நடுவில் புதிதாக வந்தது ஒன்றே ஒன்று: டீல்ட்ரின், ஆல்ட்ரின் வகைப் பூச்சிக்கொல்லிகள். கோதுமைக்கு விதை நேர்த்தி செய்ய அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆடுகளை உண்ணிக்கு முக்கியெடுக்கும் தொட்டியிலும் அதுதான். தொட்டித் தண்ணீர் ஓடையில் கலந்தது. ஓடையிலிருந்து புழுவுக்கும் சின்ன மீனுக்கும், அங்கிருந்து விலாங்குக்கும் போனது. விலாங்கு பல வருடம் வாழ்கிற, கொழுப்பு நிறைந்த மீன். இந்த நஞ்சு தங்குவது கொழுப்பில். நீர்நாய் ஆசையாகத் தின்பது விலாங்கை.

இதோடு ஒட்டிய இன்னொரு கதை இருக்கிறது. அதை விட்டுவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. 1960-இல் பிரிட்டனில் பந்தயப் புறா வளர்க்கிறவர்கள் அரசாங்கத்திடம் முறையிட்டார்கள். பைரி என்ற வல்லூறு எங்கள் புறாக்களை அடித்துத் தின்கிறது, அதற்குக் கொடுத்திருக்கும் சட்டப் பாதுகாப்பை நீக்குங்கள் என்று. எவ்வளவு பைரி இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று அரசுத் தரப்பு ஒரு கணக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்தது. டெரக் ராட்கிளிஃப் என்ற இயற்கை ஆய்வாளர் 1961-இல் அதை நடத்தினார். போய்ப் பார்த்தால் பாறைக் கூடுகள் காலி. தெற்கு இங்கிலாந்தில் பைரி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. 1963-க்குள் போருக்கு முன்பிருந்த எண்ணிக்கையில் பாதிகூட மிஞ்சவில்லை. இங்கேயும் அதே நஞ்சு. பைரி பெருகிவிட்டது என்ற புகார்தான், பைரி அழிகிறது என்பதை வெளியே கொண்டுவந்தது.

சரி, தூண்டில்காரர்களிடம் வருவோம். இந்தத் தொடர் அவர்களைப் பற்றியது.

இங்கிலாந்தில் ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களில் பெரும்பாலோர் மீனைச் சமைப்பதற்காகப் பிடிப்பதில்லை. பிடித்து, ஈரத் துணியில் கிடத்தி, எடை பார்த்து, படம் எடுத்து, மூச்சு வாங்கும்வரை தண்ணீரில் தாங்கிப் பிடித்திருந்து விட்டுவிடுவார்கள். நம் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் தடைக்காலம் என்றால், அவர்கள் ஆறுகளுக்கு மார்ச் 15 முதல். தடை நீங்கும் ஜூன் 16 அதிகாலை கரைகளில் திருவிழா. இப்படிப் பிடித்து விட்ட மீன் அடுத்த வருடமும் அகப்படும், இன்னும் கொஞ்சம் கனமாக. செதில் வரிசையில் ஒரு குறை, துடுப்பில் ஒரு கிழிசல் என்று அடையாளம் வைத்துப் பெயர் சூட்டுவார்கள். பீட்டர்பரோ பக்கத்து ஏரியில் பென்சன் என்ற கெண்டை மீன் அறுபது தடவைக்கு மேல் பிடிபட்டு விடப்பட்டது. 2009-இல் அது செத்தபோது நாளேடுகள் செய்தி போட்டன.

ஆற்றில் அந்த மரியாதை பார்பெல்லுக்கு. நாலு மீசை, உருண்டு நீண்ட உடம்பு, வெங்கலப் பளபளப்பு. வேகமான ஓட்டத்தில் அடிச் சரளையோடு ஒட்டி மேயும். கிரேட் ஊஸ் ஆற்றின் மேல்பகுதியில், ஆடம்ஸ் மில் என்ற சின்ன நீட்டத்தில், பெரிய பார்பெல்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. அவற்றுக்காக நாடு முழுவதிலிருந்தும் வந்து இரவிரவாக உட்கார்ந்தார்கள். பிரிட்டனின் பார்பெல் சாதனை அந்த ஆற்றில்தான் திரும்பத் திரும்ப உடைந்தது. 2006-இல் 21 பவுண்டு 1 அவுன்ஸ், ஒன்பதரைக் கிலோ.

பிறகு நீர்நாய் வந்தது. இரவில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர் முதலில் கவனிப்பது நீர்க்குமிழிகளின் வரிசை. அப்புறம் ஒரு சீழ்க்கை. தாயும் குட்டியும் கூப்பிட்டுக்கொள்வது. அதன்பின் அந்த வளைவில் விடியும்வரை கோல் நுனி அசையாது. மீன்கள் ஒடுங்கிவிடும். விடிந்து கரையோரம் நடந்தால் நாணலுக்குள் பார்பெல் கிடக்கும். தொண்டையும் செவுளும் குதறப்பட்டு, முன்வயிறு மட்டும் தின்னப்பட்டு, மீதி முக்கால் உடம்பு அப்படியே. மூன்று தடவை தான் கையில் ஏந்திய மீனை அப்படிப் பார்க்கிற மனிதரிடம் போய் இயற்கையின் சமநிலை என்று பேசுவது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. நீர்நாய் மேல் குற்றமே இல்லை என்று சாதிக்கும் ஆர்வலர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. சின்ன ஆற்றில் இருந்த கடைசிப் பெரிய மீன்களை அது தின்றிருக்கிறது. குளிர்காலத்தில் மீன் மந்தமாகிவிடும்; பெரிய மீன்தான் பிடிக்க எளிது. ஒரு நாளைக்கு அதற்குத் தேவை ஒன்று, ஒன்றரைக் கிலோதான். ஆனால் மொத்தமே இருபது பெரிய மீன் உள்ள இடத்தில் அதுவே போதும்.

யாரோ வளர்த்துக் கொண்டுவந்து விட்டதால் வந்த வினை என்று தூண்டில்காரர்கள் சொல்வதிலும் ஒரு பகுதி உண்மை உண்டு. ஃபிலிப் வேய்ர் நிறுவிய ஆட்டர் டிரஸ்ட் என்ற நீர்நாய்க் காப்பு அமைப்பு 1983-க்கும் 1999-க்கும் இடையில் 117 நீர்நாய்களை வளர்த்து ஆறுகளில் விட்டது. கிழக்கு மாவட்டங்களில் அதன் பலன் தெரிந்தது. மற்றபடி வேல்ஸிலும் தென்மேற்கிலும் ஒளிந்து பிழைத்தவை, நஞ்சு குறையக் குறைய, தாமே கீழே இறங்கி வந்தவைதான். 2011-இல் கென்ட்டிலும் தடயம் கிடைத்தபோது இங்கிலாந்தில் நீர்நாய் இல்லாத மாவட்டம் இல்லை என்றாயிற்று.

என் கேள்வி வேறு. அந்தப் பெரிய பார்பெல்கள் போனபின் அடுத்த வரிசை ஏன் வரவில்லை? பதினைந்து வயது மீன் செத்தால் ஐந்து வயது மீன் இருக்க வேண்டுமே? பார்பெல் முட்டையிடுவது சுத்தமான சரளையில். வயல் மண் கரைந்து வந்து படிந்தால் சரளையின் இடுக்குகள் அடைபட்டு முட்டைக்கு மூச்சு முட்டும். 1970-களில் உணவுக்காக வளர்க்கவென்று கொண்டுவந்த வட அமெரிக்க இனமான சிக்னல் கிரேஃபிஷ், கொடுக்குகள் கொண்ட அந்த நன்னீர்ப் பிராணி, ஆற்றுக்குள் தப்பி முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் உறிஞ்சியது போக ஓடும் தண்ணீர் மெலிகிறது. கழிவுநீர் வேறு. விலாங்குக் குஞ்சுகளின் வரவு 1980-களின் தொடக்கத்திலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் விழுந்ததால், நீர்நாயின் தட்டில் விலாங்கு இருந்த இடத்திலும் வேறு மீன்தான் வர வேண்டும். பேரன் இல்லாத ஊரில் கிழவர்கள் ஒவ்வொருவராகப் போகிற மாதிரிதான் அந்த ஆற்றில் நடந்தது. கிழவர்களை யார் கொண்டுபோனார்கள் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் வேட்டைக்காரர்களின் நோட்டு எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. பார்பெல் பிடிக்கிறவர்களும் எழுதி வைக்கிறவர்கள். தேதி, நீர்மட்டம், தண்ணீரின் வெப்பம், போட்ட இரை, மீனின் எடை, உடம்பில் பார்த்த அடையாளம். சங்கங்களின் போட்டிக் கணக்குகள் இன்னும் பழையவை. நீர்நாய்தான் காரணம் என்பது அவர்கள் சொல்லும் தீர்ப்பு. தீர்ப்பை ஒருபுறம் வைத்துவிட்டு அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பவுண்டு, மூன்று பவுண்டு பார்பெல் கடைசியாக எந்த வருடம் அகப்பட்டது? கரையில் முதல் நீர்நாய் எச்சம் கிடைத்தது எந்த வருடம்? எது முன்னே, எது பின்னே என்று தெரிந்துவிட்டால், 1957 என்ற ஒற்றைத் தேதி நீர்நாய்க்குச் செய்ததைப் பார்பெல்லுக்கும் செய்துவிடலாம். ஒவ்வொரு ஆற்றிலும் விடை வேறாக இருக்கலாம். சில ஆறுகளில் நீர்நாயே முதலில் வந்ததாகவும் தெரியவரலாம். தெரியட்டும். பெரிய மீன் போனதும் ஆட்கள் சந்தாவை நிறுத்திக்கொண்டு, வேலி போட்ட குளங்களைத் தேடிப் போகிறார்கள். ஆற்றங்கரையில் தினமும் உட்கார்ந்து தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அவை. அவர்களோடு நோட்டுகளும் போய்விடும்.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்த கண்கள் என்று சும்மா சொல்லவில்லை. 1948-இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் தூண்டில்காரர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். ஆற்றைக் கெடுப்பவர்கள் யாராக இருந்தாலும் நீதிமன்றத்துக்கு இழுப்பது என்பதுதான் அதன் ஒரே வேலை. டெர்பி நகரத்து மீன்பிடி சங்கம் ஒன்று அதன் துணையோடு செயற்கை இழைத் தொழிற்சாலை, நகராட்சி, மின்சார வாரியம் ஆகிய மூன்றின் மேலும் ஒரே நேரத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தது. 1953-இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. அந்த வழக்கு அடுத்த வாரம். வேலி அதற்கடுத்து.

(தொடரும்)