திரும்பி வர ஒரு நாற்காலி

புணேவை ஒட்டிய பழைய சாங்வியில் குடியிருக்கும் கல்லூரி ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான் இங்கே வந்தார்கள். முளா நதிப் பாலத்தைத் தாண்டினால் ஔந்த். அங்கிருந்து கணேஷ்கிந்தில் இருக்கும் பல்கலைக்கழகம் அதிக தூரமில்லை. ஸ்பைசர் கல்லூரியும் அந்தப் பக்கம்தான். வாடகை மட்டும் ஔந்தில் கேட்பதைவிடக் குறைவு. ஸ்பைசரைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு: 1915-இல் அது தொடங்கியது கோயம்புத்தூரில். பிறகு பெங்களூருக்குப் போய், 1942-இல் புணேவுக்கு வந்து சேர்ந்தது. பல நாட்டு மாணவர்கள் படிக்கும் வளாகம் அது. பல்கலைக்கழகத்திலும் ஏமன், ஈரான், ஈராக், சூடான் என்று பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அதனால் இந்தப் பகுதி ஆங்கில ஆசிரியருக்கு வெளிநாடு எட்டாத தூரமாக இருந்ததில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவனிடமே, "உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு ஆள் எடுக்கிறார்களா தம்பி?" என்று கேட்டுவிடலாம்.

கேட்டார்கள், போனார்கள். ஓராண்டு, ஈராண்டு வெளிநாட்டில் கற்பித்துவிட்டுத் திரும்பியும் வந்தார்கள். இன்றும் போகப் பார்க்கிறார்கள். ஆனால் அன்று கிளம்பியவரின் நிலையும் இன்று கிளம்புகிறவரின் நிலையும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை எங்கள் சொசைட்டியிலேயே இரண்டு வீடுகளில் பார்க்கிறேன்.

மூன்றாவது மாடியில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர்; புணே கல்லூரி ஒன்றில் நிரந்தரப் பணி. 1990-களின் கடைசியில் ஏமனுக்குப் போய்க் கற்பித்தவர். அந்த வேலை அவருக்குத் தெரியவந்தது ஒரு துண்டுக் காகிதத்தால்: சென்னையில் இருந்த மைத்துனர் 'தி இந்து'வின் புதன்கிழமை வேலைவாய்ப்பு இணைப்பிலிருந்து விளம்பரத்தைக் கத்தரித்துத் தபாலில் அனுப்பியிருந்தார். நேர்காணல் மும்பையில், ஒரு ஹோட்டல் அறையில். ஏமனிலிருந்து வந்த பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து மொழியியலில் நாலு கேள்வி கேட்டார்கள். அதைவிட அதிக நேரம் கேட்டது, "குடும்பத்தோடு வருவீர்களா? இரண்டு ஆண்டு முழுதாக இருப்பீர்களா?" என்பதைத்தானாம். சார் இதைச் சொல்லும்போது இப்போதும் முகம் மலரும். "அவங்க ஆளைத் தேடி இங்க வந்தாங்க, அம்மா. நாம தேடிப் போகலை."

அந்தக் காலத்துக் கோப்பைப் பிரித்து எம்.ஏ. சான்றிதழின் பின்பக்கத்தைக் காட்டினார். வெள்ளை தெரியவில்லை. ஒரு மூலையில் நோட்டரியின் ஊதா முத்திரை. அதன்மேல் பாதி ஏறியபடி பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்பு. அடுத்து மும்பைத் தலைமைச் செயலகமான மந்திராலயா, பிறகு டெல்லி வெளியுறவு அமைச்சகம். எல்லாவற்றுக்கும் கீழே, மிச்சமிருந்த இரண்டு விரல்கடை இடத்தில் தூதரகத்தின் அரபு எழுத்து. ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு ரயில் பயணமோ, ஒரு பதிவுத் தபாலோ செலவாகியிருக்கிறது. 2005-இல் இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்த பிறகு, அதில் இருக்கும் நாடுகளுக்குத் தூதரகப் படி ஏறுவது நின்றது. சவூதி அரேபியா 2022 டிசம்பரில்தான் உள்ளே வந்தது. கையெழுத்துக்கு அலைவது குறைந்தது நல்ல மாற்றம்தான். அதை மனதாரச் சொல்ல வேண்டும்.

ஆனால் கோப்பில் என் கண் நின்றது வேறொரு தாளில். கல்லூரி முதல்வரும் நிர்வாகமும் ஒப்பி, உயர்கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வரை போய் வந்த ஒரு பக்கக் கடிதம் அது. லீயன். சம்பளமில்லாத இரண்டு ஆண்டு விடுப்பு. பணியிடம் அவருடையதாகவே இருக்கும். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காரலாம். ஏமனில் பிடிக்காவிட்டால் டிக்கெட் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும் தைரியம் அந்தத் தாளிலிருந்துதான் வந்தது என்கிறார் சார். ஒப்பந்தத்தில் எழுதியதைவிட அதிக வகுப்பு கொடுத்தபோது, துறைத் தலைவரிடம் நேராகப் போய் முடியாது என்று சொன்னாராம். வேறு வழியில்லாதவர் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த நாடுகளுக்கு நம் ஆசிரியர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பது தனி வரலாறு. இத்தாலியப் படைகள் 1941-இல் வெளியேறிய பிறகு எத்தியோப்பியா பள்ளிகளைக் கட்டியெழுப்பியபோது, பேரரசர் ஹெய்லி செலாசியின் அரசு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தது. 1970-களின் எண்ணெய்ச் செல்வத்தில் நைஜீரியா பள்ளிகளைப் பெருக்கியபோது அங்கேயும் போனார்கள். 1986-இல் நைரா மதிப்பு சரிந்ததும் சம்பளம் கையில் கரைந்து பலர் திரும்பினார்கள். லிபியாவின் கதை விசித்திரமானது. அமெரிக்கா குண்டுவீசிய 1986-க்குப் பின் கடாபி அரசு பள்ளிகளில் ஆங்கிலத்தையே நிறுத்தியது. ஒரு தலைமுறை ஆங்கிலம் இல்லாமல் வளர்ந்தது. பிறகு மனம் மாறி ஆங்கிலம் வேண்டுமென்றபோது கற்பிக்க உள்ளூரில் ஆளில்லை. அந்தப் பள்ளத்தை 2000-களில் நிரப்பியவர்களில் தமிழ்நாட்டு, ஆந்திர விரிவுரையாளர்கள் நிறையப் பேர். ஏமனில் கல்வியியல் புலங்கள் ஊர் ஊராகத் திறந்தன. பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை உருவாக்குவது அவற்றின் வேலை. எத்தியோப்பியா இரண்டாம் முறையும் கதவைத் திறந்தது. 1990-களில் விரல்விட்டு எண்ணும்படி இருந்த பல்கலைக்கழகங்கள் இருபது ஆண்டுகளில் நாற்பதைத் தாண்டின. உயர்கல்வி அங்கே ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

இந்தக் கதவுகள் சாத்தப்பட்டதும் அடுத்தடுத்துத்தான். 2011-இல் லிபியாவிலிருந்து பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை நம் அரசு கப்பலிலும் விமானத்திலும் அழைத்து வந்தது. 2015-இல் ஏமனிலிருந்து இந்தியர்களை மீட்ட 'ஆபரேஷன் ராஹத்'. அதே ஆண்டு லிபியாவின் சிர்த் நகரில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த இந்திய ஆசிரியர்கள் கடத்தப்பட்டார்கள். 2017 முதல் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஏமன் போவதற்கே தடை. 2020 நவம்பரில் எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் போர் மூண்டு அங்கே மெக்கெல்லேயும் அபாய ஊரானது. சாரின் பழைய மாணவர் ஒருவர் ஏமனிலிருந்து கைப்பையோடு வந்து இறங்கினார். பல மாதச் சம்பள பாக்கி அங்கேயே நின்றுபோனது. அவருக்கு இங்கே லீயன் இருக்கவில்லை. ஒப்பந்த வேலையை விட்டுவிட்டுப் போனவர், திரும்பி வந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்.

முதல் மாடிக்கு வருகிறேன். அங்கே இருப்பவள் கட்கியில் வளர்ந்த தமிழ்ப் பெண். தாத்தா வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வேலூரிலிருந்து வந்தவர். எம்.ஏ. ஆங்கிலம், மாநிலத் தகுதித் தேர்வான செட்டில் தேர்ச்சி. இரண்டு கல்லூரிகளில் சி.எச்.பி. ஆசிரியை. மராட்டியில் 'தாசிகா தத்துவம்' என்பார்கள்; எடுத்த வகுப்புக்கு மணிக் கணக்கில் காசு. தேர்வு மாதத்தில் வகுப்பில்லை, காசில்லை. தீபாவளி விடுமுறைக்கும் இல்லை. வர வேண்டிய பணமும் மாதா மாதம் வருவதில்லை. பருவம் முடிந்து மொத்தமாக வந்த நாட்கள் உண்டு. தமிழ்நாட்டுக் கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்த வாழ்க்கையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நிரந்தரப் பணியிடங்கள் ஆண்டுக் கணக்காகக் காலியாகக் கிடக்கின்றன. நியமனம் அவ்வப்போது திறந்து, உடனே மூடிக்கொள்கிறது.

இரவு பத்து மணிக்கு மேல் லேப்டாப்பில் வெளிநாட்டு வேலை தேடுகிறாள். மைத்துனர் கத்தரித்து அனுப்ப வேண்டியதில்லை. உலகத்து விளம்பரம் அத்தனையும் திரையில் இருக்கிறது. ஆனால் தகுதிப் பட்டியலில் முதல் வரியைத் தாண்ட முடிவதில்லை. கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கும் விசா வழக்கமாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்னும் ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தம் நம் ஆசிரியர்களுக்கும் இடுக்கு வைத்தது. விளம்பரங்களில் அது தலைகாட்டுவதில்லை. சீனாவிலும் அநேகமாக இதே கதை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் கோடையில் வெளிநாட்டு மாணவர்களுக்கு சில வார முன்தயாரிப்பு வகுப்பு நடத்துகின்றன. குறுகிய கால ஆங்கிலப் பணி என்றால் அச்சு அசல் அதுதான். ஆனால் அங்கே வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். சில வாரத்துக்காக யாரும் விசா எடுத்துத் தருவதில்லை.

"பாஸ்போர்ட் நிறம் பார்த்துட்டு மூடிடறாங்க, அக்கா. கிளாஸ் எடுத்துக் காட்டுன்னு கேக்கக்கூட இல்லை" என்றாள் ஒரு நாள்.

இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆங்கில ஆசிரியர் என்னும் எண்ணம் 1961-இல் உகாண்டாவின் மக்கேரேரே மாநாட்டில் வலுப்பெற்றது. அது வெறும் நம்பிக்கை, ஆதாரமில்லாதது என்று ராபர்ட் பிலிப்சன் 1992-இல் புத்தகம் எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் 1994 வரை போருக்கு நடுவே ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அந்த அனுபவத்தை வைத்தே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலக் கல்வித் துறையைக் கேள்வி கேட்டார். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979-க்கும் 1984-க்கும் இடையில் பெங்களூர், சென்னைப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் செய்து பார்த்த முறை இன்று உலகம் முழுவதும் ஆசிரியர் பயிற்சிப் பாடம். அவர் பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஒரு வகுப்பில் ஐந்து தாய்மொழிகள் கேட்கும் புணேவில் ஆங்கிலம் கற்பித்தவளுக்குத் தெரிந்தது, ஒரே மொழி பேசி வளர்ந்தவருக்குத் தெரியாது. ஆட்களை எடுக்கிறவர்களுக்கு இது தெரியாதென்று நான் நம்பவில்லை. கட்டணம் கட்டும் பெற்றோருக்கு விளம்பரத்தில் எந்த முகம் வேண்டும் என்பதுதான் அங்கே முடிவு செய்கிறது.

மிச்சமிருப்பது வளைகுடா. சவூதியின் அப்ஹா, ஜீசான் பல்கலைக்கழகங்களிலும் ஓமனின் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் நம்மவர்கள் நிறையக் கற்பித்திருக்கிறார்கள். சொந்த நாட்டவரை நியமிக்கும் கொள்கையால் அந்த இடங்கள் சுருங்கி வருகின்றன. இருப்பதிலும் பல, பல்கலைக்கழகம் நேரடியாக எடுப்பவை அல்ல. இடையில் ஆள்சேர்ப்பு நிறுவனம். சாரின் ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகமே கையெழுத்திட்டது. இவளுக்கு வந்த ஒரு ஒப்பந்தத்தில் கோடை மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. ஒரு முகவர் நேர்காணலுக்கு முன்பே 'ஃபைல் சார்ஜ்' கேட்டார், அத்தோடு விட்டுவிட்டாள். ஜூமில் இருபது நிமிடம் மாதிரி வகுப்பு எடுத்தாள், கேமரா அணைத்திருந்த யாரோ மூன்று பேருக்கு. பதில் வரவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. சாரோடு போன பெண்களில் அநேகமாக எல்லோரும் கணவரோடு போனவர்கள்; மனைவியிடம் எம்.ஏ. இருந்தாலும் வேலை கணவருக்கு. இவள் தனியாகப் போக நினைக்கிறாள், வீட்டில் யாரும் மறிக்கவில்லை. போகும் ஊரில் ஏற்கெனவே வேலை பார்ப்பவரைத் தேடிப்பிடித்து, சம்பளம் நேரத்துக்கு வருகிறதா, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா என்று கேட்டுவிடுகிறாள். சார் அந்தக் காலத்தில் தாயிஸ் என்னும் ஊரை அட்லஸில் தேடிவிட்டுக் கிளம்பியவர்.

ஆனாலும் அடிப்படை வித்தியாசம் அந்த ஒரு பக்கக் கடிதம்தான். லீயன் பற்றி சார் பேசியபோது அவள் சிரிக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. "விட்டுட்டுப் போக எனக்கு இங்க எதுவும் இல்லையே, சார்" என்றாள். இங்கே மணிக்கணக்கு வேலை, அங்கே ஒன்பது மாத வேலை, திரும்பினால் மறுபடி மணிக்கணக்கு. அவர் நிலையான ஒரு வாழ்க்கையிலிருந்து விடுப்பு எடுத்துப் போனார். அவளுக்கு விடுப்பு எடுக்க ஒரு வாழ்க்கை அமையவே இல்லை. வெளிநாட்டுக் கதவுகளைத் திறப்பது நம் கையில் இல்லை. காலிப் பணியிடத்தை நிரப்புவது நம் அரசுகளின் கையில்தான் இருக்கிறது; அதைச் செய்யாமல் வைத்திருப்பதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இப்போது அவள் குறிவைத்திருப்பது ஃபுல்பிரைட் மொழி ஆசிரியர் உதவித்தொகை, எஃப்.எல்.டி.ஏ. இருபத்தொன்றிலிருந்து இருபத்தொன்பது வயது வரையுள்ள இளம் ஆசிரியர்கள் ஒன்பது மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கற்பிக்கலாம். கூடவே படிக்கவும் வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே கற்பிக்க வேண்டியது இந்தி, உருது, தெலுங்கு, தமிழ் போன்ற நம் மொழிகளை. கட்கியில் மராட்டிப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் வீட்டுக்கு நோட்டோடு போகிறாள். வேற்றுமை உருபுகளை வெளிநாட்டு மாணவனுக்கு எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்று இருவரும் ஒரு மணி நேரம் வாதாடுகிறார்கள். ஏமனில் அரபு மாணவர்களுக்கு ஆங்கில முன்னிடைச் சொற்களைப் புரியவைத்த உத்திகளை சார் எடுத்துக்கொடுக்கிறார். அவற்றில் பாதி தமிழுக்கும் பொருந்துகின்றன.

அந்த விசாவில் ஒரு விதி இருக்கிறது. ஒன்பது மாதம் முடிந்தால் திரும்பியாக வேண்டும். சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருந்த பிறகே அமெரிக்காவில் வேலை விசாவுக்கோ குடியேற்றத்துக்கோ தகுதி வரும். அந்த இரண்டு ஆண்டுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று இரண்டு கல்லூரிகளிலும் கேட்டு வந்தாள். இரண்டிலும் சொன்னது ஒன்றே: சி.எச்.பி., அதுவும் அந்த ஆண்டு வகுப்பு இருந்தால். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். அவளுக்கு வயது இருபத்தேழு.