பீர் கரைப்பது கல்லை அல்ல

ஸ்கேனில் சிறுநீரகக் கல் என்று தெரிந்ததும் டாஸ்மாக்கை மருந்துக்கடையாக்கிக் கொள்கிறவர்கள் குறைந்தபாடில்லை. அதைவிட மோசம், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிப்போன நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கும் அதே யோசனையைச் சொல்வது. பீர் குடித்தால் சிறுநீர் அதிகம் போவது உண்மைதான். உடலில் நீரைப் பிடித்துவைக்கும் வாசோபிரசின் ஹார்மோனை ஆல்கஹால் அடக்குவதால் நீர் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகம் தேறிவிட்டது என்று ஆகாது. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். அதைக் கரைக்கும் சரக்கு எதுவும் பீரில் இல்லை. யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும் பியூரின்தான் இருக்கிறது.

பீர் குடிப்பவர்களுக்குக் கல் குறைவாக வருகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றனவே என்பார்கள். சில ஆய்வுகள் அப்படிச் சொன்னது மெய். ஆனால் அவை கல் வருவதைப் பற்றியவை. வந்த கல் கரைவதையோ, பழுதான சிறுநீரகத்தையோ பற்றியவை அல்ல. அளவோடு குடித்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் சுமார் 41 கிராம் ஆல்கஹால் உண்டு. 'ஒன்றே ஒன்று' என்பது அவ்வளவு. டயாலிசிஸில் இருந்து சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டவருக்கோ, ஒரு நாளைக்கு அனுமதித்த திரவத்தில் பெரும்பகுதியை அந்த ஒரு பாட்டிலே விழுங்கிவிடும். மிஞ்சிய நீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். ஊறுகாயும் மிக்சரும் ஏற்றும் உப்பு தனிக்கணக்கு. மறுநாள் தலைவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. போடவே போடாதீர்கள்.

கிரியாட்டினின் 'நார்மல்' என்றதும் கிளம்பிவிட வேண்டாம். சிறுநீரகத்தின் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் அந்த எண் நார்மலாகவே நிற்கலாம். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவையும், சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட நோய். தினமும் குடிப்பவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்த வேண்டும். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண்ணும் உண்டு.

டயாலிசிஸ் தேதி குறித்த பிறகு காப்பீட்டு அட்டைக்கு ஓடுவதுதான் இங்கே வழக்கம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு இன்றே மனுச் செய்யுங்கள். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அது எந்த அறை என்று ஒரு பலகை வைக்கக்கூட மனம் வராத இடங்கள் உண்டு. கேட்டுத்தான் போக வேண்டும். போகுமுன் நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா, ஆதாரோடு எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.